காற்று அடைபட்ட இல்லம்

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி, குளிர்நாட்டு இல்லங்களின் குறைபாடொன்றை வெளிப்படுத்திற்று. சுவரும் கூரையும் சேருமிடம், யன்னற்சட்டம், மின்கம்பித்துளை ஆகியவற்றினூடாக வெப்பக்காற்று வெளியேற, குளிர்காற்று உட்புகுந்தது. விலைகொடுத்து வாங்கிய எரிபொருள் வெளியையே சூடாக்கிற்று.

1977இல் கனடாவின் றெஜைனா நகரில் சஸ்கச்சுவான் சேமிப்பு இல்லம் அமைக்கப்பட்டது. ஹரோல்ட் ஓர் முதலானோர் தடித்த காப்புச் சுவர்களில் பொலித்தீன் தாளை இடைவெளியின்றிப் பொருத்தினர். கடுங்குளிர் நிலவும் அந்நகரில் வழமையான வெப்ப உலையின்றியே அவ்வில்லம் இயங்கிற்று.

எனினும், கசிவு நின்றால் ஈரமும் மாசும் உள்ளே தேங்கும். ஆதலின், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உட்புகும் காற்றுக்கு மாற்றும் பொறியும் அங்கு இணைக்கப்பட்டது. 1991இல் ஜேர்மனியின் டாம்ஸ்ரட் நகரில் எழுந்த முதலாவது ‘பசிவ் ஹவுஸ்’ இல்லமும் இந்நெறியையே கொண்டது. காற்றை மறிப்பதன்று, அதற்குரிய வழியை வகுப்பதே இம்முயற்சியின் சாரம் எனலாம்.