காத்தவர் யார்? இஸ்தான்புல் நகரின் பழஞ்சின்னங்கள்

ஆசியாவும் ஐரோப்பாவும் எதிரெதிரே நோக்கி நிற்கும் பாஸ்பரஸ் நீரிணையின் கரையில் அமைந்தது இஸ்தான்புல் மாநகரம். கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் கிரேக்கர் குடியேறி அமைத்த பைசாந்தியம் என்னும் ஊர், கி.பி. 330-இல் உரோமப் பேரரசன் கான்ஸ்தந்தீனின் தலைநகராகிக் கான்ஸ்தாந்திநோபிள் எனப் பெயர் பெற்றது. 1453-இல் அது உதுமானியத் துருக்கியர் வசமாயிற்று. 1923-இல் துருக்கி அங்காராவைத் தலைநகராக்கிக் கொண்டபோது, பதினாறு நூற்றாண்டு அரசிருக்கை வாழ்வு இந்நகருக்கு முடிவுற்றது.

இங்குள்ள பழஞ்சின்னங்களைக் காணச் செல்வோர் பலர், ‘இது கிறித்தவர் கட்டியதா, முஸ்லிம்கள் கட்டியதா?’ என்று கேட்பது வழக்கம். ஆயின், சுல்தான் அகமது சதுக்கத்தைச் சுற்றி அரை நாள் நடப்பவருக்கு மற்றொரு கேள்வியும் எழும். போரும் தீயும் நிலநடுக்கமும் மாறி மாறித் தாக்கிய ஊரில் இவை எவ்வாறு பிழைத்தன?

பந்தயத் திடல்

அச்சதுக்கம் ஒரு காலத்தில் தேர்ப் பந்தயத் திடலாக இருந்தது. இன்று அங்கே மூன்று தூண்களே எஞ்சியுள்ளன. ஒன்று, எகிப்திய மன்னன் மூன்றாம் துத்மோசின் கல்தூண். ஏறத்தாழ 3,500 ஆண்டுப் பழைமை உடைய அதனைக் கி.பி. 390-இல் பேரரசன் தியோடோசியஸ் இங்கே நிறுவினான். மற்றொன்று, மூன்று பாம்புகள் பின்னிய வடிவிலான வெண்கலத் தூண். கி.மு. 479-இல் பிளாத்தேயாப் போரில் பாரசீகரை வென்ற கிரேக்கர் டெல்பி நகரில் காணிக்கையாக வைத்த அதனைக் கான்ஸ்தந்தீன் கொண்டுவந்தான். பாம்புத் தலைகள் இன்று தூணில் இல்லை. ஒரு தலையின் பகுதி மட்டும் நகரின் தொல்பொருள் காட்சியகத்தில் உள்ளது. மூன்றாவது தூணை மூடியிருந்த வெண்கலத் தகடுகளை 1204-இல் சிலுவைப் போர் வீரர் உரித்துச் சென்றனர் என்பர். வெறுங்கல்லே இப்போது நிற்கின்றது.

1204 என்னும் ஆண்டு இங்கே கருதத் தக்கது. நான்காம் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட மேலைநாட்டுக் கிறித்தவர், வழிமாறி வந்து இக்கிறித்தவ நகரையே கொள்ளையிட்டனர். திடலை அணிசெய்த நான்கு வெண்கலக் குதிரைகள் வெனிஸ் நகருக்குச் சென்றன. 1797-இல் நெப்போலியனால் பாரிசுக்குப் போயின. 1815-இல் வெனிசுக்கே மீண்டன. கான்ஸ்தாந்திநோபிளுக்கு அவை திரும்பவில்லை. ஒரே சமயத்தவர் என்ற உறவு அந்நாளில் இந்நகரைக் காக்கவில்லை.

நிலத்தடி நீர்க்கூடம்

சதுக்கத்திற்கு அருகே, நிலத்தின் கீழ், 336 தூண்கள் தாங்கும் நீர்த்தேக்கம் ஒன்று உள்ளது. 6-ஆம் நூற்றாண்டில் பேரரசன் ஜஸ்டினியன் அமைத்தது அது. தூண்களுள் பல பழைய கட்டடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. இரண்டின் அடியில் கிரேக்கப் புராணத்து மெடூசாவின் தலைகள் உள்ளன. ஒன்று தலைகீழாகவும் மற்றொன்று பக்கவாட்டிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. தூண்களின் உயரத்தைச் சரிசெய்யவே அவ்வாறு வைத்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. பழைய தெய்வக் கதையின் சிற்பம் அடிக்கல்லாகப் பயன்பட்டதனாலேயே தப்பியது!

துருக்கியர் ஆட்சியில் இத்தேக்கம் பலர் நினைவிலிருந்து மறைந்தது. 16-ஆம் நூற்றாண்டில் பியேர் ஜில் என்னும் பிரெஞ்சு அறிஞர் இங்கு வந்தபோது, மேலே வீடுகளில் வாழ்ந்தோர் தரையிலுள்ள துளை வழியாக நீர் இறைப்பதையும் மீன் பிடிப்பதையும் அறிந்து, அதன் வழியே தேக்கத்தைக் கண்டார். 1987-இல் அது பொதுமக்கள் காணத் திறக்கப்பட்டது.

ஹாகியா சோபியா

இந்நகரின் தலையாய சின்னம் ஹாகியா சோபியா. ‘புனித ஞானம்’ என்பது அப்பெயரின் பொருள். 532-இல் மக்கள் கலகத்தில் பழைய தேவாலயம் எரிந்துபோக, அவ்விடத்திலேயே ஜஸ்டினியன் புதியது எடுப்பித்தான். அந்தேமியஸ், இசிதோர் என்னும் கணித வல்லுநர் இருவர் சதுரமான அடித்தளத்தின் மேல் வட்டமான குவிமாடத்தை ஏற்றினர். நான்கு மூலைகளிலும் வளைந்த முக்கோணச் சுவர்களை எழுப்பிச் சதுரத்தை வட்டமாக்கியதே அவர்கள் கண்ட வழி. ஆறாண்டுக்குள், 537-இல், பணி முடிந்தது.

ஆனால் 558-இல் குவிமாடம் இடிந்தது. இன்னும் உயர்த்தி 562-இல் மீண்டும் கட்டினர். 989-இலும் 1346-இலும் அதன் பகுதிகள் விழுந்தன, மீண்டும் செப்பனிடப்பட்டன. இத்தகைய கட்டடம் யாரும் கவனியாது விடப்பட்டிருப்பின் இன்று கற்குவியலாகவே இருந்திருக்கும்.

1453-இல் நகரைக் கைப்பற்றிய இரண்டாம் மெஹ்மது இதனைப் பள்ளிவாசலாக மாற்றினான். அப்போதும் நகரம் கொள்ளையிடப்பட்டது. அதனை மறைத்தல் வரலாறு ஆகாது. ஆயினும், நகர அங்காடியின் வருவாயைச் சுல்தான் இப்பள்ளிவாசலின் பராமரிப்புக்கு அறக்கட்டளையாக வைத்தான். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உதுமானியரின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் புறத்தே தாங்குசுவர்களை வலுப்படுத்தினார். சுலைமானியா பள்ளிவாசலை 1557-இல் முடித்த அக்கலைஞரே, தமக்கு ஆயிரம் ஆண்டு முற்பட்டோர் கட்டியதையும் தாங்கிப் பிடித்தார்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. கான்ஸ்தந்தீன் அடக்கமான திருத்தூதர் தேவாலயம், 1453-க்குப் பின் சில காலம் கிறித்தவத் தலைமைக் குருவின் இருக்கையாயிருந்தது. சிதைந்து கிடந்த அதனைக் குரு விட்டு நீங்கினார். சுல்தான் அதனை இடித்து, அவ்விடத்தில் பாத்திஹ் பள்ளிவாசலை எழுப்பினான். ஒரே மன்னன் ஒன்றைக் காத்தான், மற்றொன்றை அழித்தான். பயனற்றது என்று கருதப்பட்டது மண்ணாயிற்று.

பயன்பாடு காத்ததோடு மறைக்கவும் செய்தது. ஹாகியா சோபியாவின் வண்ணக்கல் ஓவியங்கள் காலப்போக்கில் காரைப் பூச்சின் கீழ் மறைந்தன. 1847 முதல் 1849 வரை சுல்தான் அப்துல் மஜீதின் ஆணையால் செப்பனிட்ட பொஸ்ஸாத்தி சகோதரர்கள் அவற்றைக் கண்டு, வரைபடம் எழுதிவைத்து, மீண்டும் மூடினர். 1931 முதல் அமெரிக்கரான தாமஸ் விட்டிமோர் குழுவினர் அவற்றை வெளிப்படுத்தினர். 1934-இல் குடியரசு அரசாங்கம் எடுத்த முடிவின்படி 1935-இல் அது காட்சியகமாயிற்று. 2020 ஜூலையில் உயர் நிர்வாக நீதிமன்றம் அம்முடிவை நீக்க, மீண்டும் பள்ளிவாசலாயிற்று. கருவறைப் பகுதியின் மரியன்னை ஓவியத்தின் முன் திரை இடப்பட்டது. 2024 முதல் அயல்நாட்டுப் பயணிகள் கட்டணம் செலுத்தி மேல்மாடத்திலிருந்து காண்கின்றனர்.

இம்மாற்றத்தை மகிழ்ந்து ஏற்றோரும் உண்டு, வருந்தினோரும் உண்டு. வழிபாட்டு உரிமை பெரிதா, உலகினர் அனைவர்க்கும் பொதுவாதல் பெரிதா என்னும் வழக்கு எளிதில் தீர்வதன்று. எனினும் இரு சாராரையும் கட்டுப்படுத்தும் கடமை ஒன்று உண்டு. இடிந்தபோதெல்லாம் எடுத்துக் கட்டிய கைகள் ஒரு சமயத்தார் கைகள் அல்ல. ‘கட்டியவர் யார்?’ என்று கேட்கும் மாணவனுக்கு, ‘காத்தவர் யார்?’ என்றும் கேட்கக் கற்பித்தல் வேண்டும். அவ்விரண்டாம் கேள்விக்கு இக்காலத்தவரும் விடை கூறவேண்டியவராவர்.