நெட்வொர்க் கார்டைக் கொன்றது யார்? - 2008-இல் நடந்த ஒரு துப்பறியும் கதை

எங்கள் குரங்கணி, போடி பக்கம் பலர் லினக்ஸை முதலில் பார்த்தது அரசின் இலவச மடிக்கணினியில்தான். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. திறந்து பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அது வேறு கதை.

இந்தப் பதிவு லினக்ஸ் டிரைவர் ஒன்றைப் பற்றியது. போடிமெட்டு வளைவில் ஜீப் ஓட்டுகிறாரே, அந்த டிரைவர் இல்லீங்க :-) வன்பொருளுக்கும் கர்னலுக்கும் நடுவே நின்று பேசும் நிரல்.

2008 செப்டம்பர். கர்னல் 2.6.27 சோதனையில் இருந்தது. அதை ஓட்டிய சிலரின் இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் திடீரென செத்துப்போயின. கணினியை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. கார்டின் முகவரியும் அமைப்புகளும் இருக்கும் நிலை நினைவகமே அழிந்திருந்தது. சந்தேகம் உடனே 'இ1000இ' டிரைவர் மேல் விழுந்தது. உபுண்டு தன் சோதனைப் பதிப்பில் அந்த டிரைவரையே முடக்கிவிட்டது. கிராபிக்ஸ் டிரைவரையும் சிலர் சந்தேகப்பட்டார்கள்.

வழக்கமாக இப்படிப்பட்ட பிழைக்குப் பழைய, புதிய கர்னல்களை மாற்றி மாற்றி ஓட்டி, எந்த மாற்றத்தில் வந்தது என்று பாதி பாதியாகக் குறுக்குவார்கள். இங்கே ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கார்டு பலியாகலாம். யார் துணிவார்கள்? இன்டெல்காரர்கள் முதலில் அந்த நினைவகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். அக்டோபர் 9-இல் 2.6.27 அந்தப் பூட்டோடு வெளிவந்தது. களவு நின்றது, கள்ளன் மட்டும் அகப்படவில்லை.

சில நாளில் அகப்பட்டான். 'எஃப்டிரேஸ்'! கர்னலில் எந்தச் செயற்கூறு எப்போது ஓடுகிறது என்று பின்தொடர ஸ்டீவன் ராஸ்டெட் எழுதிய கருவி. அதாவது பிழை தேட உதவ வேண்டியதே பிழைக்குக் காரணம். காமர்ஸ்காரன் பாஷையில் சொன்னால், தணிக்கைக்கு வந்தவர் பேரேட்டில் கிறுக்கிவிட்டார்.

நடந்தது இதுதான். எஃப்டிரேஸ், தான் பின்னால் திருத்த வேண்டிய இடங்களின் முகவரிகளைக் குறித்து வைக்கும். அவற்றில் சில, தொடக்கத்தில் ஒருமுறை ஓடிவிட்டு நீக்கப்படும் நிரலுக்கு உரியவை. காலியான அந்த முகவரிகளில் பிறகு நெட்வொர்க் கார்டின் பதிவகங்கள் குடியேறின. ஏலக்காய் வியாபாரி காலி செய்த கிட்டங்கியில் வேறொருவர் வந்துவிட்டது தெரியாமல், பழைய குறிப்பை வைத்துக் கதவைத் தட்டுவது போல.

தட்டும்போது எஃப்டிரேஸ் 'ஒப்பிட்டு மாற்று' என்ற கட்டளையைத்தான் பயன்படுத்தியது. எதிர்பார்த்த மதிப்பு இருந்தால் மாற்றும், இல்லையென்றால் விட்டுவிடும். ஆபத்தே இல்லை என்று தோன்றும். ஆனால் ஒப்பீடு பொருந்தாவிட்டாலும் பிராசசர் பழைய மதிப்பையே திரும்ப எழுதுகிறது. சாதாரண நினைவகத்தில் அதனால் ஒன்றும் ஆகாது. சாதனத்தின் பதிவகத்தில் எழுத்து என்றாலே கட்டளை! எனக்கு இந்த வழக்கில் பிடித்த இடமே இதுதான்.

அக்டோபர் 15-இல் வந்த 2.6.27.1 அந்த வசதியை முடக்கியது. 2.6.28-இல் திருத்த வேண்டிய இடங்களைக் கர்னலைத் தொகுக்கும்போதே பட்டியலிடும்படி எஃப்டிரேஸை மாற்றி எழுதினார்கள். இன்றும் டிரைவர் பிழை தேடுபவர்கள் அதே எஃப்டிரேஸைத்தான் எடுக்கிறார்கள்.