கூரை தாழ்ந்த வீடு

குடும்பப் படம்னதும் நமக்கு ஞாபகம் வர்றது பழைய ஸ்டூடியோ போட்டோதான். நடுவுல தாத்தா பாட்டி, பின்னாடி மகன்கள், மருமகள்கள், தரையில பேரப்பசங்க. எல்லாரும் கேமராவையே முறைச்சுப் பார்ப்பாங்க :-)

ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் பெக்மான் 1920-ல வரைஞ்ச 'குடும்பப் படம்' வேற மாதிரி. இதுல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கலை. நடுவில் மாமியார் கையால முகத்தை மறைச்சிருக்கார். மனைவி மின்னா கண்ணாடி முன்னாடி. மகன் பீட்டர் தரையில புத்தகத்தோட. பெக்மான் கையில ஊதுகொம்பை வெச்சுக்கிட்டு சாய்ஞ்சு கிடக்கார். கூரை தலையில இடிக்கிற மாதிரி இருக்கு. எங்க பேத்துப்பாறையில நாலு நாள் அடைமழை பிடிச்சா வீட்டுக்குள்ள இப்படித்தான் ஆளாளுக்கு ஒரு மூலையில கிடப்போம். ஆனா மழை விட்டதும் சரியாயிடும். இவங்க வீட்டுல பிடிச்சது மழை இல்லை.

முதல் உலகப்போர்ல பெக்மான் மருத்துவ உதவியாளரா வேலை பார்த்தார். தினமும் சிதைஞ்ச உடம்புகள். 1915-ல மனசு உடைஞ்சு போச்சு. ராணுவத்துல இருந்து வெளிய வந்தவர் குடும்பத்தோட போய்ச் சேரலை. ஃப்ராங்க்ஃபர்ட்ல நண்பர் வீட்டுல தங்கிட்டார். மின்னாவுக்கு ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்துல ஓபரா பாடுற வேலை. அதாவது, இந்தப் படத்துல ஒரே அறைக்குள்ள அடைஞ்சிருக்கிறவங்க நிஜத்துல ஒரே கூரையின் கீழ வாழலை! 1925-ல விவாகரத்தும் ஆயிடுச்சு.

இதுக்கு முன்னாடி, 1918-19-ல, 'இரவு'ன்னு ஒரு படம் வரைஞ்சார். அதுலயும் நெருக்கடியான அறைதான். வெளியாட்கள் புகுந்து ஒரு குடும்பத்தைச் சித்திரவதை செய்றாங்க. 'குடும்பப் பட'த்துல அப்படி யாரும் நுழையலை. கத்தலும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனா எனக்கென்னவோ இதைப் பார்த்தாத்தான் அதிகமா மூச்சு முட்டுது.

இந்தப் படம் 1935-லேயே ஆபி ராக்ஃபெல்லரின் அன்பளிப்பா நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போயிடுச்சு. நல்லவேளை. நாஜிகள் 1933-ல அவரோட ஆசிரியர் வேலையைப் பறிச்சாங்க. ஜெர்மன் அருங்காட்சியகங்கள்ல இருந்து 500-க்கும் மேற்பட்ட அவரோட படைப்புகளைப் பிடுங்கினாங்க. 1937 ஜூலையில மியூனிக்ல 'சீரழிந்த கலை'ன்னு கண்காட்சி வெச்சு அவர் படங்களையும் கேலி பண்ணினாங்க. அந்த மாசமே ஆம்ஸ்டர்டாம் போனவர் அப்புறம் ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை. 1950-ல நியூயார்க்ல இறந்தார்.

வெர்சாய் ஒப்பந்தம் 1919-னு ஸ்கூல்ல உருப்போட்டோம். அதுக்கு அடுத்த வருஷம் ஒரு வீட்டுக்குள்ள என்ன நிலைமைன்னு இந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் தெரிஞ்சுக்கிட்டேன். வெறும் 65 செ.மீ. உயரம், 101 செ.மீ. அகலம். நியூயார்க் பக்கம் இருக்கிற மக்கள் யாராவது நேர்ல பார்த்தா, அந்தக் கொம்பை அவர் ஊதப் போறாரா, ஊதி ஓய்ஞ்சிட்டாரான்னு பார்த்துச் சொல்லுங்க.