நீளம் தாண்டுதல்: தாண்டிய தூரமும் ஏட்டில் ஏறிய தூரமும்

நீளம் தாண்டுதல் பார்வைக்கு மிக எளிய போட்டி. ஓடி வர வேண்டும், பலகையை மிதித்து எழும்ப வேண்டும், மணலில் விழ வேண்டும்; பிறகு நாடாவைப் பிடித்தால் தூரம் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் இப்போட்டியின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். வீரன் தாண்டிய தூரம் வேறு. ஏட்டில் ஏறும் தூரம் வேறு.

பண்டைக் கிரேக்கர்கள் இரு கைகளிலும் எடைக்கற்களை ஏந்தித் தாண்டினர். கொத்திப் பண்படுத்திய மண்ணில் காலடித் தடம் செவ்வையாகப் பதியாவிட்டால் அத்தாண்டலை அளக்கவே மாட்டார்கள். குரோட்டன் நகரத்துப் பயில்லோஸ் 55 அடி தாண்டினான் என்றொரு செய்தி வழங்கிவருகிறது. ஒரே தாண்டலில் மனிதனால் இயலாத தூரம் இது. தொடர்ந்து பல தாண்டல்களைக் கூட்டிய கணக்காக இருக்கலாம் என்பர் சிலர். வெறும் புகழுரை என்பர் வேறு சிலர். எப்படி அளந்தார்கள் என்பது தெரியாதபோது எண் மட்டும் நமக்கு எதையும் சொல்வதில்லை.

நம் காலக் கணக்கு 1901-இல் டப்ளின் நகரில் பீட்டர் ஓ'கானர் தாண்டிய 7.61 மீட்டரிலிருந்து தொடங்குகிறது. 1935-இல் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 8.13 மீட்டர் தாண்டினார். அதை முறியடிக்க 25 ஆண்டுகள் ஆயின. 1960-இல் ரால்ஃப் பாஸ்டன் 8.21 மீட்டர் தாண்டினார். ஓவன்ஸும் பின்னால் வந்த கார்ல் லூயிஸும் 100 மீட்டர் ஓட்டத்தில் ஒலிம்பிக் தங்கம் பெற்றவர்கள் என்பதை ஆசிரியர்கள் மறத்தலாகாது. தூரத்தைத் தருவது முதலில் ஓட்டத்தின் வேகமே.

1968 அக்டோபர் 18-ஆம் நாள் மெக்சிகோ நகரில் நடந்தது இவ்வரலாற்றின் உச்சம். பாப் பீமன் விழுந்த இடம், தண்டவாளத்தில் நகர்ந்து அளக்கும் புதுக் கருவியின் எல்லைக்கு அப்பால் இருந்தது. பழைய எஃகு நாடாவையே தேடிக் கொண்டுவந்தார்கள். 8.90 மீட்டர்! முந்திய உலகச் சாதனையைவிட 55 சென்டிமீட்டர் கூடுதல். மீட்டர் கணக்கு அறியாத பீமனுக்கு 29 அடி 2½ அங்குலம் என்று சொன்ன பிறகே செய்தி உறைத்தது. கால் தளர்ந்து தரையில் சாய்ந்தார். அன்று காற்றின் வேகம், சாதனைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவான வினாடிக்கு 2 மீட்டர். ஊரோ கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி குறைவு. அதே ஒலிம்பிக்கில் நம் மு. ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். 2017 வரை அது மலேசியச் சாதனையாக நிலைத்தது. அந்த மெல்லிய காற்று அவருக்கும் ஓரளவு துணை செய்திருக்கும். அதனால் அவருடைய ஓட்டம் சிறுத்துவிடுமா என்ன?

ஆனால் அதே பீமன் தகுதிச் சுற்றில் முதல் இரண்டு வாய்ப்புகளிலும் பலகையைத் தாண்டி மிதித்துத் தவறிழைத்தவர். பலகைக்கு நன்றாக முன்னதாகவே எழும்பிவிடு என்று பாஸ்டன் சொன்ன யோசனையால்தான் மூன்றாம் முறை தேறினார். அதுவும் தவறியிருந்தால் உலகம் 8.90-ஐக் கண்டிராது.

காற்றின் கணக்கும் கடுமையானது. 1991-இல் டோக்கியோவில் லூயிஸ் 8.91 தாண்டியபோது காற்று 2.9; ஆகவே அது சாதனைக் கணக்கில் சேரவில்லை. அன்றே மைக் பவல் 0.3 காற்றில் தாண்டிய 8.95 இன்றளவும் உலகச் சாதனை. 1995-இல் செஸ்ட்ரியேர் நகரில் கியூபாவின் பெட்ரோசோ 8.96 தாண்டினார்; காற்றுமானியின் முன் ஒருவர் நின்று மறைத்ததால் அதை ஏற்கவில்லை.

இந்தியாவின் டி.சி. யோகன்னான் 1974-இல் டெஹ்ரானில் தாண்டிய 8.07 மீட்டர் முப்பது ஆண்டுகள் அந்நாட்டின் சாதனையாக இருந்தது. 2023-இல் தமிழகத்து ஜெஸ்வின் ஆல்ட்ரின் அதை 8.42-க்கு உயர்த்தினார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் ஸ்ரீசங்கரும் பகாமாஸ் வீரர் நாயர்னும் 8.08 என்று சமமாக நின்றனர். அடுத்த சிறந்த தாண்டலில் முந்தியதால் தங்கம் நாயர்னுக்குச் சென்றது. நம் நாட்டு அப்துல் லத்தீப் ரொம்லி 2016 ரியோ பாராலிம்பிக்கில் தம் பிரிவில் 7.60 மீட்டர் தாண்டி உலகச் சாதனையுடன் தங்கம் வென்றார்.

இனி நம் பள்ளித் திடலுக்கு வருவோம். அளவு எங்கிருந்து தொடங்குகிறது? கால் எழும்பிய இடத்திலிருந்து அன்று. பலகையின் மணற்பக்க விளிம்பிலிருந்து. பலகைக்கு முப்பது சென்டிமீட்டர் முன்னதாக எழும்பும் பிள்ளைக்கு அந்த முப்பதும் நட்டம். பின்புறம் சாய்ந்து கையை ஊன்றினால் கை பட்ட இடம்வரைதான் கணக்கு. மாவட்டப் போட்டிக்கு ஆள் தேரும்போது இப்படிச் சில அங்குலங்களை இழந்தவனே விடுபட்டுப் போகிறான். அவனைவிடக் குறைவாகத் தாண்டியவன் பேருந்தில் ஏறுகிறான்.

ஆகவே என் பள்ளியில் இரண்டு அளவையும் எழுதுவது வழக்கம். பலகையைச் சுற்றிச் சுண்ணப்பொடி தூவிவிட்டால் பாதம் எழும்பிய இடம் தெரியும். இரண்டு எண்களுக்கும் இடைவெளி அதிகமானால் அவனுக்குத் தாண்டக் கற்பிக்க வேண்டியதில்லை, ஓடக் கற்பிக்க வேண்டும். பலகையிலிருந்து பின்னோக்கி ஓடவிட்டு, எழும்பும் கால் விழும் இடத்தில் குறியிட்டால் அதுவே அவன் தொடங்கும் இடம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரிய வீரர்களின் நாற்பது மீட்டர் ஓட்டம் வேண்டா. பாதி வழியிலேயே களைத்துவிடுவான்.

உலகத் தடகள அமைப்பு, பலகைக்குப் பதிலாக அகன்ற மிதிகளம் ஒன்றை வைத்துப் பாதம் எழும்பிய இடத்திலிருந்தே அளக்கும் முறையைச் சோதிக்கப்போவதாக 2024-இல் அறிவித்தது. லூயிஸ் அதனைக் கேலி செய்தார். பெரியவர்களைப் பொறுத்தவரை நானும் அவர் பக்கமே. பலகையைச் சரியாக மிதிப்பது இக்கலையில் பாதி. சிறுவர்களுக்கு அம்முறை நல்லது.

நாடாவைப் பிடிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. சுழியம் மணலில் பதிந்த தடத்தில் இருக்க வேண்டும். எண்ணைப் பலகைப் பக்கத்தில் படிக்க வேண்டும். நாடா பலகைக்குச் செங்குத்தாகக் கிடக்க வேண்டும். சென்டிமீட்டருக்குக் குறைந்த பின்னத்தை விட்டுவிட வேண்டும். ஜொகூரின் ஆண்டிறுதி மழையில் நனைந்து இழுபட்ட துணி நாடாவை அன்று வெளியே எடுக்கவே வேண்டா.