யாழ்ப்பாணத் தேர்தல் முடிவு வரைபடம்

யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரு நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்தது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். இதன் 11 தொகுதிகளின் முடிவுகளையும் கைபேசியில் தொட்டுப் பார்க்கும்படி வரைவது எளிதன்று. பரப்பில் மிகப் பெரியதான கிளிநொச்சி திரையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ள, சனநெருக்கம் மிகுந்த யாழ்ப்பாணத் தொகுதி விரல்நுனிக்கு அடியில் மறைந்துவிடும். ஊர்காவற்றுறைத் தொகுதி தீவுகளாய்ச் சிதறிக் கிடப்பது. நெடுந்தீவைத் தொடப் போனவர் பெரும்பாலும் கடலைத்தான் தொடுவார். கோப்பின் எடையைக் குறைக்கக் கரையோரக் கோடுகளை எளிமைப்படுத்தினால் எழுவைதீவு, அனலைதீவு போன்றவை படத்திலிருந்தே காணாமற்போகும். தொகுதிகளை ஒரே அளவுக் கட்டங்களாக்கி, ஏறத்தாழ அவை இருக்கும் திசையில் அடுக்குவதே சிறிய திரைக்கு ஏற்றது.

நிறம் இதைவிடப் பெரிய சிக்கல். 1989 முதல் நாடாளுமன்றத் தேர்தல்கள் விகிதாசார முறையில் நடக்கின்றன. தொகுதியில் முதலிடம் பெறுவதால் மட்டும் யாருக்கும் ஆசனம் கிடைப்பதில்லை. மாவட்டத்தில் முதலாவதாக வரும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் உண்டு. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி ஏறக்குறைய 25 சதவீத வாக்குகளுடன் 6 ஆசனங்களில் 3ஐப் பெற்றது. தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ், சுயேச்சைக் குழு 17 ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. வென்றவர் நிறத்தைத் தொகுதி முழுக்கப் பூசும் படம், மற்றைய கட்சிகளுக்கு வாக்களித்த முக்கால்வாசிப் பேரை மறைத்துவிடுகிறது. ஆகவே ஆசனப் பட்டை மேலேயும் வரைபடம் அதன் கீழேயும் வரவேண்டும்.

வாக்களிப்பு வீதத்தையும் நிறத்தின் அடர்த்தி காட்டவேண்டும். விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு அழைப்புக்கிடையே நடந்த 2005 ஜனாதிபதித் தேர்தலில் இம்மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.2 சதவீதத்தினரே. அதில் ரணில் விக்கிரமசிங்க முதலிடம் பெற்றார் என்பதற்காக மாவட்டம் முழுவதையும் அவரது கட்சி நிறமான பச்சையாக்குவது எண்களின்படி சரி, வரலாற்றின்படி பொய். 2024 ஜனாதிபதித் தேர்தலில் இங்கு சஜித் பிரேமதாசவுக்கும் பா. அரியநேத்திரனுக்கும் இடையிலான வித்தியாசம் 5,000 வாக்குகளைக்கூட எட்டவில்லை. அழுத்தமான ஒற்றை நிறம் அங்கும் பொருந்தாது.

நிறங்களை மட்டும் நம்பவும் கூடாது. வீடு, சைக்கிள், வீணை, திசைகாட்டி என்று சின்னங்களால் கட்சிகளை அறிந்த வாக்காளருக்கு, கட்டத்துக்குள் சின்னத்தையே பொறித்துக் கொடுப்பது நல்லது.

தபால் மூல வாக்குகள் எந்தத் தொகுதியிலும் சேர்க்கப்படாமல் மாவட்ட மட்டத்தில் தனியாக அறிவிக்கப்படுகின்றன. அவற்றுக்கெனப் 12ஆவது கட்டம் ஒன்று இல்லாத வரைபடத்தில், தொகுதிகளைக் கூட்டினால் மாவட்ட மொத்தம் வராது.