மூன்று நூலும் பத்து மில்லிமீட்டரும்: ஒரு பிரேக் நட்டின் வரலாறு

1956ஆம் ஆண்டில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இரண்டு நிகழ்வுகள் நடந்தன. இங்கிலாந்தின் கௌலி ஆலையிலிருந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டின் இறுதியில் இந்திய நாடாளுமன்றம் மெட்ரிக் அளவுமுறையை நாட்டின் அளவுமுறையாக்கும் சட்டத்தை இயற்றியது. அந்தக் கார் வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் அம்பாசடராக மறுபிறவி எடுத்தது 1957-58இல். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரில் கிலோகிராம் கடைவீதிக்குள் நுழையத் தொடங்கியது. நாடு அங்குலத்திலிருந்து விடைபெறத் தொடங்கிய அதே நேரத்தில், அங்குலத்தில் பிறந்த ஒரு கார் நாட்டின் அடையாளமாக வளரத் தொடங்கியது. இந்த முரணின் விலையைப் பழைய கார்களைப் புதுக்குவோர் இன்றும் கொடுத்துவருகின்றனர். அது மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம், பிரேக் குழாயின் முனையில் இருக்கும் விரல்நுனி அளவேயான நட்.

திருகு மரைக்கு ஒரு பொது அளவு வேண்டும் என்ற எண்ணம் 1841இல் ஜோசப் விட்வொர்த்திடமிருந்து பிரிட்டனுக்குக் கிடைத்தது. அவர் மரையின் கோணத்தை 55 பாகையாக வகுத்தார். 1864இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணத்தை முன்வைத்தார். ஐரோப்பியக் கண்டம் மெட்ரிக் வழியில் சென்றது. இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகள் ஒன்றின் பீரங்கிக்கு மற்றொன்றின் போல்ட் சேராமல் இடர்ப்பட்டன. அந்தப் பட்டறிவின் விளைவாக 1948 நவம்பரில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் ஒருங்கிணைந்த மரைத்தரத்தை ஏற்றன. அதன் நுண்மரை வகையே யுஎன்எஃப்.

மோரிஸ் நிறுவனத்தின் கதை இதைவிடவும் சிக்கலானது. அதன் எஞ்சின் ஆலை பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் நிறுவனத்திடமிருந்து வந்தது; ஆகவே 1930களின் மோரிஸ் எஞ்சின்களில் மரை மெட்ரிக்காகவும், போல்ட்டின் தலை விட்வொர்த் ஸ்பானருக்கு ஏற்றதாகவும் இருந்தன. இந்துஸ்தான் 10 அந்த மரபின் வாரிசு. 1952இல் மோரிஸும் ஆஸ்டினும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் உருவான பிறகு யுஎன்எஃப் மேலோங்கியது. பழைய அம்பாசடரின் பிரேக் குழாய் நட் 3/8 அங்குல யுஎன்எஃப், அதாவது ஓர் அங்குலத்திற்கு 24 மரை, என அமைந்ததன் பின்னணி இதுவே. அதே ஆண்டுகளில் பம்பாயின் குர்லாவில் பிரிமியர் நிறுவனம் இத்தாலிய ஃபியட் கார்களை மெட்ரிக் மரையுடன் செய்துகொண்டிருந்தது. ஒரே சாலையில் ஓடிய இரு கார்களுக்குள் இரண்டு ஐரோப்பிய வரலாறுகள் ஓடின.

தமிழ்ப் பட்டறை இந்த வேறுபாட்டைத் தன் மொழியில் பதிந்து வைத்திருக்கிறது. அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு ஒரு ‘நூல்’. 3/8 அங்குலம் மூன்று நூல். மெட்ரிக் சட்டத்திற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் கம்பியும் போல்ட்டும் நூல் கணக்கில் கேட்கப்படுகின்றன. கொழிஞ்சாம்பாறை போன்ற எல்லையூரில் இதன் பொருத்தம் மிகுதி. கேரளத்தின் சித்தூர் வட்டத்தில், பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் கைக்கெட்டும் தொலைவில், தமிழ் வழங்கும் ஊர் அது. அங்கு ஒரு பழைய அம்பாசடரைப் புதுக்க முனைபவர் பாலக்காட்டுக் கடைக்கும் செல்லலாம், கோவையின் லேத் பட்டறைக்கும் செல்லலாம். ஆனால் எங்கே சென்றாலும் எதைக் கேட்பது என்பதே முதல் வினா. கடைக்காரருக்கு ‘மூன்று நூல்’ என்ற சொல் விட்டத்தைத்தான் சொல்லும், மரையைச் சொல்லாது. பழைய பிரிட்டிஷ் பிஎஸ்எஃப் வகையிலும் 3/8 அங்குலம் உண்டு. அதில் அங்குலத்திற்கு 20 மரை. கோணம் 55 பாகை.

முன்சக்கர டிரம் பிரேக்கை நீக்கி, பிற்காலக் கார் ஒன்றின் டிஸ்க் பிரேக்கைப் பொருத்துவது இன்று பரவலாக விரும்பப்படும் மாற்றம். பிற்காலக் கார்களின் காலிப்பர் பெரும்பாலும் மெட்ரிக். அதன் குழாய்த் துளை பொதுவாக எம்10×1, அதாவது 10 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் மரை இடைவெளி. 3/8 அங்குலம் என்பது 9.525 மில்லிமீட்டர், 24 மரையின் இடைவெளி 1.058 மில்லிமீட்டர். வேறுபாடு விட்டத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பெரியதைச் சிறியதில் நுழைக்க முயன்றால் முதல் சுற்றிலேயே இறுகிப் பிழையைக் காட்டிவிடும். சிறியதைப் பெரியதில் நுழைத்தாலோ அது உள்ளே செல்லும். சற்றுத் தளர்வாகச் சுழன்று, இறுதியில் இறுகியது போன்ற உணர்வையும் தரும். ஆபத்து இங்கேதான் உள்ளது. மரைகள் ஒன்றையொன்று நுனியில் மட்டுமே பற்றியிருக்கும். கடுமையாகப் பிரேக் அழுத்தும்போது குழாயினுள் வளிமண்டல அழுத்தத்தைப் போல நூறு மடங்கு வரை உயரக்கூடும். பட்டறையில் தாங்கிய மரை மலைச்சாலை இறக்கத்தில் கழன்றுவிடலாம். மூல ஆக்ஸ்ஃபோர்டின் பிரேக் அமைப்பு ஒற்றைச் சுற்று. ஓர் இணைப்பு விட்டால் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒருசேரப் போகும். எஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே.

மரை சரியாக அமைந்தாலும் வேலை முடிவதில்லை. பிரேக் திரவத்தை அடைப்பது மரை அன்று. குழாயின் விரித்த முனை, அதாவது ஃபிளேர். ஆதலால் மரையில் டெஃப்லான் நாடா சுற்றுவது பயனற்றது. பிழையை மறைப்பதால் தீங்கும் ஆகும். பழைய பிரிட்டிஷ் வழக்கில் ஆண் நட்டுக்குக் காளான் போன்ற குவிந்த ஃபிளேர், பெண் நட்டுக்கு உட்குழிந்த இரட்டை ஃபிளேர். ஐரோப்பிய மெட்ரிக் கார்களில் குமிழ் ஃபிளேர். ஜப்பானிய மரபில் எம்10×1 ஆண் நட்டுடனேயே உட்குழிந்த இரட்டை ஃபிளேர். எது தேவை என்பதைத் துளையின் அடித்தளமே சொல்லும். அங்கே கூம்பு மேல்நோக்கி எழுந்திருந்தால் குழாய்முனை உட்குழிந்ததாக இருக்க வேண்டும். தளம் குழிந்திருந்தால் குவிந்ததாக இருக்க வேண்டும்.

இத்தனை வேறுபாட்டுக்கிடையே ஓர் ஒற்றுமை கைகொடுக்கிறது. பிரிட்டிஷ் 3/16 அங்குலக் குழாய் 4.76 மில்லிமீட்டர், மெட்ரிக் குழாய் 4.75. நடைமுறையில் இரண்டும் ஒன்றே. ஆகவே மாஸ்டர் சிலிண்டர் பக்கம் யுஎன்எஃப் நட்டும் அதற்குரிய ஃபிளேரும், காலிப்பரை நோக்கிய பக்கம் மெட்ரிக் நட்டும் அதற்குரிய ஃபிளேரும் கொண்டு ஒரே குழாயை அமைக்கலாம். அளவை உறுதிசெய்ய ஒரு வெர்னியரும் ஒரு த்ரெட் கேஜும் போதும். லேத்தில் பழைய மரையைப் பெரிதாக்கிக்கொள்வதை விடவும், அடாப்டர்களை அடுக்குவதை விடவும் இதுவே சிறந்த வழி. இணைப்புகளின் எண்ணிக்கை குறையக் குறையக் கசிவிடங்களும் குறையும்.

தொழில்நுட்ப வரலாற்றில் கண்டுபிடிப்பாளர்களுக்குக் கிடைத்த இடம் தர உடன்பாடுகளுக்குக் கிடைக்கவில்லை. 1962இல் சென்னைப் பாடியில் பிரிட்டனின் கர்லிங் நிறுவனக் கூட்டுடன் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியதும், 1947இலேயே இந்தியத் தர நிறுவனம் அமைந்ததும் நம் தொழில்வரலாற்றின் முக்கியப் பக்கங்கள். எனினும் தரம் மாறிய நாளில் பழைய பொருள்கள் மறைந்துவிடுவதில்லை. அம்பாசடரின் உற்பத்தி 2014இல்தான் நின்றது. சட்டம் ஒரே நாளில் அளவை மாற்றலாம். பொருளும் கைப்பழக்கமும் மாறத் தலைமுறைகள் ஆகும். அந்த இடைவெளியில் நிற்பவர் பட்டறைத் தொழிலாளி. நட் உள்ளே சென்றதா என்பதோடு அவர் நிறுத்தாமல், அது எந்த மரையைச் சேர்ந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. காரில் அமர்ந்திருப்பவரின் உயிர் அந்த இரண்டாவது கேள்வியை நம்பியே இருக்கிறது.