பிணை ஆணைக்கும் சிறைக் கதவுக்கும் இடையே: கைதிகளுக்கான சட்ட உதவி அமைப்பை யார் நடத்துவது?

2004 செப்டம்பர் 3 அன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அதன் மேலாளர் சங்கரராமன் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் நவம்பர் 11 அன்று காஞ்சி சங்கர மடத்தின் தலைவர் ஜெயேந்திர சரஸ்வதி கைது செய்யப்பட்டு வேலூர் மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். உயர் நீதிமன்றம் பிணை மறுத்தது. 2005 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் பிணை வழங்கியது. கைதுக்கும் பிணைக்கும் இடையே சரியாக 60 நாட்கள். பின்னர் வழக்கு புதுச்சேரிக்கு மாற்றப்பட்டு, 2013 நவம்பர் 27 அன்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் அனைவரும் விடுவிக்கப்பட்டனர்.

அந்தப் பிணை தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. பிணையே விதி, சிறை விலக்கு என்பதுதான் சட்டம். கொலைக் குற்றச்சாட்டிலேயே 60 நாட்களில் செயல்பட்ட அந்த விதி, அதே ஊரில் சைக்கிள் திருட்டு வழக்கில் பிடிபடும் ஒரு தலித் கூலிக்கோ இருளருக்கோ ஏன் அதே வேகத்தில் செயல்படுவதில்லை என்பதே நமது கேள்வி.

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோபுரமும் நினைவுக்கு வருகின்றன. பிறர் தறியில் கூலிக்கு நெய்பவர்களும், செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு உழைப்பவர்களும் இதே மாவட்டத்தினர்தாம். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகள் மீட்கப்பட்டனர். நிலம், பட்டா, நிலையான முகவரி எதுவும் இல்லாத இத்தகையவர்கள் ஒரு வழக்கில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தனி ஆய்வு தேவையில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் தண்டிக்கப்படாமலேயே உள்ளே இருந்தவர்கள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர்.

சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை. 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 39ஏ பிரிவு இலவசச் சட்ட உதவியை அரசின் கடமையாக்கியது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆவது பிரிவை ஒவ்வொரு செயற்பாட்டாளரும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், கட்டாய உழைப்பில் சிக்கியவர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமான வரம்பு ஏதுமின்றி இலவச வழக்கறிஞரைக் கோரலாம். முதல்முறை குற்றவியல் நடுவர் முன் நிறுத்தப்படும்போதே இந்த உரிமையைக் கைதிக்குத் தெரிவிப்பது நடுவரின் கடமை என்று அஜ்மல் கசாப் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2022 முதல் பல மாவட்டங்களில் இதற்கென்றே முழுநேர வழக்கறிஞர்களும் அமர்த்தப்பட்டு வருகின்றனர்.

பிறகு தனியாக ஓர் அமைப்பு எதற்கு? வழக்கறிஞரின் பணி பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்தோடு முடிகிறது. கைதியின் சிக்கல் அங்கே முடிவதில்லை. போதாக்குறைக்கு, அரசு கொடுக்கும் வழக்கறிஞரும் போலீசின் ஆள்தான் என்று கைதி நினைக்கிறார். அவர் கண்ட அரசு அப்படிப்பட்டது. அந்த ஐயத்தை அறியாமை என்று நாம் தள்ளிவிட முடியாது.

நாட்களை எண்ணுவதிலிருந்து தொடங்குவோம். குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாவிட்டால், கைதிக்குப் பிணை பெறும் உரிமை தானாகவே பிறக்கிறது. ஆனால் அதைக் கேட்டுப் பெற வேண்டும். கெடு முடிந்த மறுநாளே மனு போட்டால் உரிமை நிலைக்கும். பிறகு குற்றப்பத்திரிகை வந்தாலும் அது பறிபோகாது என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற எம். ரவீந்திரன் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மனு போடாமல் நாட்கள் கடந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். ஆகவே 61ஆம் நாளும் 91ஆம் நாளும் எவை என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கும் ஒருவர் வெளியே தேவை. அதற்குச் சட்டப் பட்டம் வேண்டியதில்லை.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவைப் பலரும் வரவேற்றனர். முதல்முறைக் குற்றவாளியாக இருந்தால், உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தைக் கழித்ததும் பிணை. மற்றவர்களுக்குப் பாதிக் காலம். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. அதே பிரிவுக்குள் இன்னொரு விலக்கும் இருக்கிறது: ஒருவர் மீது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை. துப்புத் துலங்காத திருட்டு வழக்குகளை இருளர்கள், குறவர்கள் மீது வரிசையாகச் சுமத்தும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு, இந்த விலக்கு யாரைத் தாக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

சரி, பிணை கிடைத்துவிட்டது. 'ஜெய் பீம்' போன்ற படங்கள் நமக்குக் காட்டுவது நீதிமன்ற வாதத்தை. (அப்படத்துக்கு அடிப்படையான ராசாக்கண்ணு இருளர் அல்லர், குறவர் என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.) ஆணைக்குப் பின் நடப்பதை எந்தப் படமும் காட்டுவதில்லை. இரண்டு ஜாமீன்தார்கள் வேண்டும். அவர்களிடம் குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது, சொத்து மதிப்புச் சான்று இருக்க வேண்டும். புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவரின் உறவினர்களும் புறம்போக்கில்தான் இருப்பார்கள். சொத்துள்ளவர் ஊர்த் தெருவில் இருக்கிறார். சேரிக்காரனுக்காக அவர் நீதிமன்றப் படி ஏறுவாரா? சாதி இங்கே சட்டப் புத்தகத்தில் எழுதப்படாமலேயே வேலை செய்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட சிக்கலன்று. 1978இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதி ராம் என்ற கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே பிணை வழங்கிய பிறகும், கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்துக்காரர் என்று சொல்லி அவரது ஜாமீனை ஏற்க மறுத்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடுவிக்கச் சொன்னார். 45 ஆண்டுகள் கழித்து, 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் நெறிமுறைகளை வகுக்க வேண்டியிருந்தது. பிணை ஆணை கிடைத்து ஏழு நாட்களில் கைதி வெளிவராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணைப் பத்திரம் தரப்படாவிட்டால், நிபந்தனைகளைத் தளர்த்துவது குறித்து நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரே வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிடலாம் என்பதும் அதில் உண்டு. அதே ஆண்டு ஒன்றிய அரசு கொண்டுவந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டம் விசாரணைக் கைதி ஒருவருக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட இயலாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் தருவதாக அப்போது இருந்தது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம், ஊபா போன்ற சட்டங்களின் கீழ் உள்ளவர்களுக்கு அது கிடையாது. பணம் தரும் திட்டம் ஆள் ஜாமீனைத் தருவதுமில்லை.

குண்டர் தடுப்புச் சட்டம் எனப்படும் தமிழ்நாடு சட்டம் 14, 1982 வேறு வகையான உழைப்பைக் கேட்கிறது. இதில் விசாரணையே இல்லை. ஓராண்டு வரை அடைக்கலாம். அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞரை வைத்து வாதிடும் உரிமையும் இல்லை. தடுப்புக் காவல் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக இந்தியாவின் முன்வரிசையில் உள்ளது. அடைக்கப்படுவோரில் தலித்துகளின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிடக் கூடுதல். ஆனால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் வெல்வது பெரும்பாலும் சிறு காரணங்களால்: கோரிக்கை மனுவைப் பரிசீலிப்பதில் தாமதம், படிக்க முடியாத நகல், மொழிபெயர்ப்பு தராமை. ஆகவே, ஆணை கையில் கிடைத்தவுடன் கோரிக்கை மனுவை அனுப்பி, அனுப்பிய தேதிக்குச் சான்று வைத்திருப்பவரே பாதி வழக்கை முடித்துவிடுகிறார்.

இத்தகைய பணியை வழக்கறிஞர் அல்லாதவர் தலைமையேற்று நடத்த முடியுமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. காஞ்சி மண்ணோடு தொடர்புடைய பெருவழக்கு ஒன்றே அதற்கு விடை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில், 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. தடாவில் உயர் நீதிமன்ற மேல்முறையீடு இல்லை. நேரே டெல்லி செல்ல வேண்டும். பழ. நெடுமாறன் முன்னின்று மக்களிடம் நிதி திரட்டினார்; மூத்த வழக்கறிஞர் என். நடராஜன் வாதிட்டார். 1999 மே 11 அன்று 19 பேர் விடுவிக்கப்பட்டனர். வாதம் வழக்கறிஞருடையது; அதை இயலச் செய்தது தெருவில் திரட்டிய நிதி.

எஞ்சியவர்களின் கதை நீண்டது. மூவரின் தூக்குக்கு நாள் குறிக்கப்பட்ட 2011 ஆகஸ்டில், காஞ்சி மக்கள் மன்றத்தைச் சேர்ந்த செங்கொடி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த இளம் உயிரை இழந்திருக்கக் கூடாது என்பதே நமது நிலை. இரு நாட்களுக்குப் பின் உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றுத் தந்தது சட்ட வாதம். 2014 பிப்ரவரி 18 அன்று தூக்கு ஆயுளாகக் குறைந்ததற்கு அடிப்படை, கருணை மனு 11 ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது என்ற கணக்கு. பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள் சட்டம் படித்தவரல்லர். மகன் 19 வயதில் கைதானதிலிருந்து 2022 மே 18 அன்று விடுதலையாகும்வரை ஒவ்வொரு காகிதத்தையும் பின்தொடர்ந்தார்.

இந்தப் பணிக்கு விலை உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. திருச்சி மாவட்டம் விரகலூரில் பிறந்த ஸ்டான் சுவாமி, ஜார்க்கண்டில் ஆதிவாசி விசாரணைக் கைதிகளைப் பற்றி ஆய்வு நடத்தி, அவர்களுக்காக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தவர். 2020 அக்டோபர் 8 அன்று அவரே ஊபாவில் கைதானார். 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமலேயே, 84 வயதில் மும்பை மருத்துவமனையில் இறந்தார். தலித்துகளுக்கும் ஆதிவாசிகளுக்கும் வாதாடிய நாக்பூர் தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங் 2018 ஜூன் 6 அன்று அதே வழக்கில் கைது செய்யப்பட்டார். ஒரே தலைவரைச் சுற்றி அமைப்பைக் கட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை இவ்விரு கைதுகளும் காட்டுகின்றன. பதிவேடுகள் எங்கே உள்ளன, எந்த வழக்கு எந்தக் கட்டத்தில் உள்ளது என்பது குறைந்தது மூவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

சிறைக்குள் சாதி என்ன செய்கிறது என்பதும் அமைப்பின் வேலைக்குள் வர வேண்டும். செய்தியாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சாதி பார்த்து வேலையும் அறையும் ஒதுக்கும் சிறை விதிகளைச் செல்லாதவை என்றது. பதிவேடுகளில் கைதியின் சாதிக்கான பத்தியை நீக்கச் சொன்னது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததும் அதில் பேசப்பட்டது. மோதலைத் தடுக்கவே பிரிக்கிறோம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. தீர்ப்பு நடைமுறைக்கு வந்ததா என்பதை, வாரந்தோறும் நேர்காணலுக்குச் செல்பவர் கைதியிடமே கேட்டறியலாம்: யார் கழிவறை கழுவுகிறார், யார் சமைக்கிறார்?

காஞ்சிபுரத்தில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்குப் பெரிய அலுவலகம் தேவையில்லை. சட்டக் கல்லூரி மாணவர்கள், நீதிமன்றத்துக்குப் பழகிய ஒரு வழக்கறிஞர், சேரியிலும் இருளர் குடியிருப்பிலும் வீடு தெரிந்த இரு பெண்கள் போதும். பெண்கள் என்று அழுத்திச் சொல்கிறோம். சிறை வாயிலில் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. ஜாமீன் நிற்கத் தயாராக இருக்கும், ஆவணமுள்ள தோழர்களின் பட்டியலை முன்கூட்டியே திரட்டி வைக்க வேண்டும். அரசுப் பணியிலோ சொந்த வீட்டிலோ காலூன்றிய தலித்துகள் முதலில் தம் பெயரைத் தரலாம். பிறகு ஒரு பதிவேடு: பெயர், கைதான நாள், சிறை, பிரிவு, மற்ற வழக்குகள், 61ஆம் நாள், 91ஆம் நாள், பிணை ஆணை வந்த நாள், வெளியே வந்த நாள். கடைசி இரண்டு பத்திகளுக்கும் இடையே ஏழு நாட்களுக்கு மேல் இருந்தால், எட்டாம் நாள் காலை ஒருவர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனுவோடு நிற்க வேண்டும்.